திரும்பி வந்தவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிர்கிஸ்தானில் பெண்களைத் தூக்கிச் சென்று கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். 'நாடோடிக் கூட்டம், அப்படித்தான் இருப்பாங்க' என்றார் சித்தப்பா. எனக்கு அதோடு விட்டுவிட முடியவில்லை. அந்தப் பெண்களில் கல்லூரியில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். கையில் போன் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அப்புறம் ஏன் மறுநாள் காலையில் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுவதில்லை?

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தியையும் ஒருவன் கடத்திக்கொண்டு போனான். இரண்டாம் நாள் மீட்டு வந்தார்கள். 'ஒரு ராத்திரி தங்கிட்டாளே, இனி யாரு கட்டுவாங்க' என்று என் அம்மாவே சொன்னார். கடைசியில் அவனுக்கே கட்டிவைத்தார்கள். இது எல்லா ஊரிலும் இருப்பதுதானா?

ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்கள் அம்மா சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே வார்த்தையை எத்தனையோ மொழிகளில் எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கிர்கிஸ்தானில் இதற்கு 'அலா கச்சூ' என்று பெயர். தூக்கிக்கொண்டு ஓடுவது என்று பொருள். (காதலர்கள் பேசிவைத்துக்கொண்டு ஓடிப்போவதும் இதே பெயரில் நடக்கிறது. நான் சொல்வது அதை அல்ல.) பெண்ணைக் காரில் இழுத்துப் போடுவது இளைஞர்கள். அதற்கு மேல் வேலை முழுக்க அந்த வீட்டுப் பெண்களுடையது. அவள் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டப் பார்ப்பார்கள். அது தலையில் ஏறிவிட்டால் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாகக் கணக்கு. அவள் பிடுங்கி எறிவாள். மறுபடியும் கட்டுவார்கள். 'நானும் இப்படி அழுதுகிட்டேதான் வந்தேன்' என்பாள் ஒருத்தி. வயதான பாட்டி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வதும் உண்டு. பெரியவளைத் தாண்டிப் போனால் சாபம். பொழுது விடிந்துவிட்டால், பெற்ற வீட்டிலிருந்தே 'அங்கேயே இருந்துவிடு' என்று சொல்லிவிடுவார்கள். கல் விழுந்த இடத்தில்தான் கனக்கும் என்று அங்கே ஒரு பழமொழி இருக்கிறது. 2013-இல் இந்தக் குற்றத்துக்கான சிறைத்தண்டனையை 10 ஆண்டுகள் வரை உயர்த்தினார்கள். 2018-இல் ஒரு மருத்துவ மாணவியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே, கடத்தியவனோடு தனியாக விட்டுவிட்டார்கள். அவன் அவளை அங்கேயே குத்திக் கொன்றான். போனும் சட்டமும் இருந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அவள் வரத்தான் பார்த்தாள்.

சரி, சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். கொரியாவில் நாடோடிகள் கிடையாது. படிப்பும் குலப்பெருமையும் மிகுந்த அரசு அது. 1636-37இல் வடக்கே இன்றைய சீனப் பகுதியிலிருந்து மஞ்சுப் படை வந்து ஏராளமான மக்களைப் பிடித்துக்கொண்டு போனது. மீட்புப் பணம் கொடுத்துத் திரும்பிய பெண்களுக்கு 'ஹ்வான்ஹ்யாங்ன்யோ' என்று பெயர் வந்தது. ஊர் திரும்பிய பெண் என்பது மட்டுமே அதன் பொருள், ஆனால் அது வசைபோல ஒட்டிக்கொண்டது. ஜாங் யூ என்ற பெரிய அதிகாரி, மீண்டு வந்த தன் மருமகளை மகன் விலக்கிவிட அனுமதி வேண்டும் என்று அரசனிடம் மனுப் போட்டார். சோ ம்யோங்-கில் என்ற அமைச்சர் எதிர்த்து வாதாடினார். அரசன் அனுமதி தரவில்லை. ஆனாலும் உயர்குடி ஆண்கள் பலர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். அதே கொரியாவில்தான், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவ விடுதிகளில் பாலியல் அடிமையாக அடைக்கப்பட்டிருந்த கிம் ஹக்-சுன், போர் முடிந்து 46 ஆண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்ட் 14 அன்று தன் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசினார். அத்தனை வருட மௌனத்துக்கு ஜப்பானை மட்டும் பொறுப்பாக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். என்னை அதிகம் தொந்தரவு செய்வது இதுதான். 1947 பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களின் எண்ணிக்கை, அரசுகளின் மதிப்பீட்டில், இந்தியாவில் 50,000 முஸ்லிம் பெண்கள், பாகிஸ்தானில் 33,000 இந்து, சீக்கியப் பெண்கள். அந்த டிசம்பரிலேயே இரு நாடுகளும் மீட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. மிருதுளா சாராபாய் போன்ற சமூக ஊழியர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஆனால் மீட்கப்பட்ட பெண்கள் முகாம்களில் காத்துக்கிடந்தார்கள், அழைத்துப்போக ஆள் வரவில்லை. இவர்கள் களங்கப்பட்டவர்கள் அல்லர், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியும் நேருவும் மக்களிடம் மன்றாட வேண்டியிருந்தது. சீதையை ஊர் என்ன பேசியது என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்த நாடு இது.

1947 மார்ச்சில் ராவல்பிண்டி பக்கம் தோஹா கால்சா கிராமத்தில், பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் சுமார் 90 பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். அவர்களைத் தியாகிகளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தத் துயரத்தின் முன் நானும் தலைகுனிகிறேன். ஆனால் செத்தவளைக் கும்பிடும் ஊரில், பிழைத்து வந்தவள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1949-இல் இந்தியா போட்ட மீட்புச் சட்டப்படி, ஆண் என்றால் 16 வயதுக்கு உட்பட்டவன்தான் 'கடத்தப்பட்டவர்'. பெண்ணுக்கு வயது வரம்பே கிடையாது. நாற்பது வயதுக்காரியும் சிறுபிள்ளைக் கணக்கில் வந்தாள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அவள் சொன்னாலும் அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உச்ச நீதிமன்றம் வரை போயும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. கடத்தியவன் அவளைக் கேட்கவில்லை, ஏற்க மறுத்த குடும்பம் கேட்கவில்லை, மீட்ட அரசும் கேட்கவில்லை. இடையில் பிறந்த குழந்தைகளை விட்டுவிட்டு எல்லை தாண்டிய தாய்மார் எத்தனையோ பேர்.

அதே நிலைமை இராக்கில் வாழும் யாசிதிகள் என்ற சிறுபான்மை மதத்தாருக்கு வந்தது. 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். என்ற தீவிரவாதப் படை அவர்களின் சிஞ்சார் பகுதியில் புகுந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனது. பெண்களையும் சிறுமிகளையும் சந்தையில் விற்றது. வேற்று மதத்தாரோடு உறவு கொண்டால் விலக்கு என்பது யாசிதிகளின் பழைய கட்டுப்பாடு. அவர்களின் தலைமைக் குருவான பாபா ஷேக் அதை மீறி, திரும்பி வருகிறவர்கள் நம் பிள்ளைகள்தான் என்று அறிவித்தார். லாலிஷ் கோயிலின் ஊற்று நீரைத் தலையில் தெளித்து அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வரையில் ஒரு மதத்தலைமை செய்த மிகப் பெரிய காரியங்களில் இது ஒன்று. ஆனால் அந்த நீர், ஐ.எஸ். ஆட்களால் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. 2019-இல் குழந்தைகளையும் ஏற்போம் என்பதுபோல் ஓர் அறிவிப்பு வந்து, சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. பிள்ளையா, ஊரா என்று அந்தத் தாய்மார் முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

இத்தாலியைச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். 1965 டிசம்பர் 26 அன்று சிசிலியின் அல்காமோ ஊரில் பிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண்ணை ஒருவன் ஆட்களோடு வந்து தூக்கிப் போனான். ஒரு வாரம் அடைத்துவைத்துக் கெடுத்தான். கெடுத்தவன் கட்டிக்கொண்டால் குற்றமே இல்லை என்று அந்நாட்டுச் சட்டத்தில் 544-ஆம் பிரிவு இருந்தது. ஊர் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது. பிராங்கா மாட்டேன் என்றாள். அவள் அப்பா பெர்னார்தோ சாதாரண விவசாயி. மகள் பக்கம் நின்றார். அவருடைய திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் அசையவில்லை. கடத்தியவன் சிறைக்குப் போனான். பிராங்கா 1968-இல் தனக்குப் பிடித்தவரை மணந்துகொண்டார். அந்தப் பிரிவு நீங்க 1981 ஆயிற்று.

நாம் சிசிலியைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. 2015-இல், பலாத்கார வழக்கில் தண்டனை பெற்றவன் அந்தப் பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஜாமீன் கொடுக்கப்பட்டது. இத்தகைய வழக்குகளில் சமரசமே கூடாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டித்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

உங்கள் தெருவில் நடந்ததும் இதுதான். இரண்டாம் நாள் மீட்டு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குக் கட்டிவைக்கும் முன் அவளை யாராவது கேட்டார்களா என்று எழுதவில்லை. இப்போது அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்றும் எழுதவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.