காலை நடை வீணா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன். அப்புறம் ஆடிட்டர் ஆபீசில் ஒன்பது மணி நேரம் நாற்காலிதான் கதி. ‘உட்கார்ந்தே இருப்பது சிகரெட் பிடிப்பதற்குச் சமம்’ என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. நடப்பதெல்லாம் வீண்தானா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வீணே இல்லை. தயவுசெய்து நடையை விட்டுவிடாதீர்கள். சிகரெட்டின் கேடு பல மடங்கு பெரியது. அந்த ஒப்பீடு வெறும் பயமுறுத்தல். உல்ஃப் எக்கலுண்ட் குழுவினர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டி 2016இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களிலும், தினமும் 60 முதல் 75 நிமிடம் விறுவிறுப்பாக நடக்கும் அளவுக்கு உடலுழைப்பு உள்ளவர்களுக்கு, உட்காருவதால் கூடும் மரண ஆபத்து ஏறக்குறைய மறைந்திருந்தது. நீங்கள் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறீர்கள்.

இந்த ஆராய்ச்சி தொடங்கியதே லண்டன் மாடி பஸ்ஸில்தான். ஒரே பஸ், ஒரே தெரு. டிரைவர் ஷிஃப்ட் முழுக்க சீட்டில் இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். டாக்டர் ஜெர்ரி மாரிஸ் இவர்களை ஒப்பிட்டு 1953இல் முடிவை வெளியிட்டார்: மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் பிழைப்பவர்கள் அதிகம். தெருத் தெருவாக நடக்கும் தபால்காரர்களுக்கும் உட்கார்ந்து வேலை செய்யும் அஞ்சல் ஊழியர்களுக்கும் இடையிலும் அதே வித்தியாசம்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. டிரைவர் வேலைக்கு வருகிறவர்களே ஒருவேளை பருமனானவர்களோ? சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆம், இளம் டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவே கண்டக்டர்களைவிட அதிகம்! தங்கள் முடிவையே அசைக்கக்கூடிய அந்தத் தகவலை 1956இல் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் மாரிஸை நம்புகிறேன்.

சரி, மீதி ஒன்பது மணி நேரம்? ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர், உடல் எடை கூடியவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி இரண்டே நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். எழாமலே உட்கார்ந்திருந்த நாளைவிடச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்திருந்தது. கால் தசை அசைந்தால் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்குச் சுமை குறையும்.

அதனால் மேஜையில் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வையுங்கள். தீரத் தீர எழுந்துதான் ஆக வேண்டும். போன் வந்தால் நின்றபடி பேசுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து முதல் ஒரு மணி நேரம் மட்டுமாவது இதில் கண்டிப்பாக இருங்கள். டீயை மேஜைக்கே கொண்டுவருகிறார்களா? நாளை முதல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்கே போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.