உளவுத்துறைக்கு எந்தப் படிப்பு? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

விருதுநகரில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறேன். உளவுத்துறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் ஆசை. முதுகலையில் தேசப் பாதுகாப்பு சார்ந்த படிப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். வீட்டில், பி.எட். முடித்துவிட்டு டெட் எழுது என்கிறார்கள். "அது என்ன படிப்பு, படிச்சா வேலை நிச்சயமா?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டில் இதற்கென்றே பட்டம் இருக்கிறது, கடன் வாங்கிப் போ என்கிறாள் தோழி. கணிதத்தை விட்டுவிட்டு இதற்குப் போவது சரியா?

எஸ்., விருதுநகர்

*

அன்புள்ள எஸ்,

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை நிச்சயம் இல்லை. உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி., ஏ.சி.ஐ.ஓ. என்ற உளவு அதிகாரி வேலைக்கு நடத்தும் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 18 முதல் 27 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பட்டம் கைக்கு வந்ததும் அடுத்த அறிவிப்புக்கே நீங்கள் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு உளவைப் பார்க்கும் 'ரா'வுக்கு அப்படிப் பொதுத் தேர்வு கிடையாது. ஐ.பி.எஸ். முதலான பணிகளில் இருப்பவர்களை எடுக்கிறார்கள், சொந்தப் பணிப்பிரிவும் வைத்திருக்கிறார்கள். "ராவில் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர், சந்தேகமே வேண்டாம்.

தோழி சொன்னதும் உண்மைதான். அமெரிக்காவில் ஈரி என்ற ஊரிலுள்ள மெர்சிஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் எஃப்.பி.ஐ.யிலிருந்து ஓய்வுபெற்ற ராபர்ட் ஹைபல் 1992-இல் இதற்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினார். அந்த மாணவர்கள் எந்த வேலைகளை மனதில் வைத்துப் படிக்கிறார்களோ, அந்த வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போகும் நமக்கு அந்தக் கதவு திறக்காது. போகாதீர்கள்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு? இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர் ஷெர்மன் கென்ட். இரண்டாம் உலகப்போரின்போது உளவுப் பணிக்கு வந்து, பிறகு சி.ஐ.ஏ.வில் மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதும் குழுவில் இருந்தார். 1951-இல் அந்தக் குழு யுகோஸ்லாவியா பற்றி ஓர் அறிக்கை தந்தது. சோவியத் அணி அந்நாட்டைத் தாக்கும் வாய்ப்பைக் 'கவனத்தில் கொள்ளவேண்டிய சாத்தியம்' என்று அதில் எழுதியிருந்தார்கள். வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கென்ட்டிடம், "அப்படியென்றால் எவ்வளவு?" என்று சாதாரணமாகக் கேட்டார். தாக்குதல் நடக்க நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார். அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட்டுக்கு உறுத்தல். சேர்ந்து எழுதிய சகாக்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் மனதில் 20 இருந்தது, இன்னொருவர் மனதில் 80. ஒரே வாக்கியத்துக்குத்தான் எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்!

எஸ், கணிதத்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்களே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நிகழ்தகவு படித்த பெண் இந்தத் துறைக்கு அந்நியம் இல்லை. புதிதாக ஒரு செய்தி வந்தால் பழைய கணிப்பை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைத்தான் நீங்கள் வகுப்பில் கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1999 மே மாதத் தொடக்கம். கார்கில் மலைகளில் படாலிக் பகுதியில் காணாமல்போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறிய தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர், தொலைநோக்கியில் அந்நிய ஆட்களைப் பார்த்து ராணுவத்துக்குச் சொன்னார். கார்கில் போரின் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று அது. இத்தனை அமைப்புகள் இருந்தும் மேய்ப்பர் வந்து சொல்லும்படி ஏன் ஆனது? போர் முடிந்ததும் ஆராய ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. இந்தியாவில் பாதுகாப்புச் சிந்தனை என்ற துறையையே கட்டியெழுப்பியவர் என்று நான் அவரைச் சொல்வேன். அவரிடம் இதற்கான பட்டம் ஏதும் இருக்கவில்லை.

அந்தக் குழு தந்த அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. படித்த நாளிலிருந்து என் மனதைவிட்டு அகலவில்லை. 1998 ஜூனில், எல்லைக்கு அப்பால் நடமாட்டம் கூடியிருக்கிறது என்று ஐ.பி. இயக்குநர் கையெழுத்திட்டு ஒரு குறிப்பு அனுப்பினார். பிரதமருக்குப் போயிற்று, உள்துறை அமைச்சருக்கும் போயிற்று. ஆனால் 'ரா' தலைவர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், ராணுவ உளவுத் தலைவர் ஆகிய மூவருக்கு அனுப்பப்படவில்லை. மேலிருந்து அவர்களுக்குத் தானாக வந்து சேரும் என்று நினைத்துவிட்டார்கள். தகவல் இருந்தது, அதைப் பிற துண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டியவர்களின் மேசைக்குத்தான் வரவில்லை. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் அந்தப் போரில் இறந்தார்கள். ஒரு காகிதம் சரியான இடத்துக்குப் போயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த விலாசப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதையெல்லாம் வகுப்பில் எப்படிக் கற்றுத்தருவது? பாதுகாப்பியல் கற்பிக்கும் என் நண்பர் ஒருவரின் வகுப்பில் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படகு ஒன்று கவிழ்ந்த செய்தியை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். கூடவே மூன்று வண்ணப் பென்சில்கள். நிருபர் கண்ணால் கண்டது நீலம், யாரோ அவருக்குச் சொன்னது பச்சை, ஊகம் சிவப்பு. கோடு போடுங்கள் என்றார். என் பக்கத்திலிருந்த பையன் மளமளவென்று நீலத்தில் ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தி, அழித்து, பச்சையாக்கினான். கடைசியில் அவன் தாளில் ஒன்றரை வரிதான் நீலம். அதுவும் கரையில் கூட்டம் நின்றது என்ற வரி. வகுப்பு அமைதியாகிவிட்டது. கண், காது, மூக்கு வைக்காமல் ஒரு செய்தியைக் கைமாற்றுவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் எனக்கும் உறைத்தது.

இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2002-இல் சி.ஐ.ஏ. முதலான அமைப்புகள் 'உயர் நம்பிக்கையோடு' எழுதின. அமெரிக்க வெளியுறவுத் துறையின் சிறிய உளவுப் பிரிவு, அணு ஆயுதத் திட்டம் பற்றிய பகுதியை ஏற்க முடியாது என்று அதே அறிக்கையில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தது. அந்தச் சிறிய பிரிவு சொன்னதே சரி என்று ஆனது, ஒரு நாடு நொறுங்கிய பிறகு. நீங்கள் என்றாவது அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால், அந்த மாற்றுக் கருத்தை எழுதுகிறவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பாதுகாப்பியல் துறை இருக்கிறது. குஜராத்தில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் 2020-இல் தனிச்சட்டத்தின் கீழ் வந்தது. வீட்டிலிருந்து தொலைவு, செலவு, பின்னால் கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் தேர்வு எழுதிக் கற்பிக்கப் போகலாம் என்ற வழி எல்லாம் பார்த்தால், நான் உங்களுக்குச் சேப்பாக்கத்தைத்தான் சொல்வேன். நெட் தேர்வில் இதுவும் ஒரு பாடம் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் மனம் கொஞ்சம் ஆறும். வங்கிகளில் கறுப்புப் பண நடமாட்டத்தைக் கண்காணிக்கும் பிரிவுகளுக்கும் இணையப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் இதே திறமைதான் வேண்டும். கணிதம் தெரிந்தவர் அங்கே கூடுதலாக மதிக்கப்படுவார். பி.எட்.டைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். இருபத்தேழு வயதுவரை தேர்வு எழுதிக்கொண்டே வேறு வேலையில் இருக்கலாம்.

இன்னொன்று, சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். கொழும்பில் வரும் சிங்களப் பத்திரிகையை நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் யாரோ சுருக்கித் தந்ததை வைத்துப் பேசுகிறோம். அது பச்சைக் கோடு, எஸ்.

நாளைக் காலைச் செய்தித்தாளில் ஒரு செய்தியை எடுத்து மூன்று வண்ணத்திலும் கோடு போடுங்கள். பிறகு அதிலிருந்து அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள், ஒவ்வொரு கணிப்புக்கும் பக்கத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்ற எண்ணோடு. உறையிலிட்டு ஒட்டி, தேதி போட்டு அப்பாவிடம் கொடுத்துவையுங்கள். ஏழாம் நாள் அவரையே பிரிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.