மாடல் டியும் காடிலாக்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபோர்டின் மாடல் டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது ஒரு பழைய கார் கண்காட்சியில் அதையும் 1959ஆம் ஆண்டு காடிலாக்கையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். காடிலாக்கின் வால் சிறகுகளைப் பார்த்த கண்ணுக்கு மாடல் டி வெறும் தகர டப்பாவாகத்தான் தெரிந்தது. இரண்டில் எது நல்ல கார்? அப்புறம், மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்ததா?

ஆர்.கே., திருச்சி

அன்புள்ள ஆர்.கே.,

அமெரிக்கர்களே அதை 'டின் லிசி' என்றுதான் கேலியாக அழைத்தார்கள். மாடல் டியின் எஞ்சின் 20 குதிரைத்திறன். காடிலாக்கின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 325. அந்தக் கணக்கில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் மாடல் டியை ஓட்டுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று பெடல்கள் உண்டு, ஆக்சிலரேட்டர் மட்டும் காலில் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் நெம்புகோல். இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், விட்டால் மேல் கியர். பிரேக் வலது ஓரத்தில். நம் பழக்கத்தில் நடுப்பெடலை மிதித்தால் ரிவர்ஸ் விழும்! பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது. டாங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. அதனால் காரைத் திருப்பி, ரிவர்ஸில் மேடேற்றினார்கள். விவசாயிகள் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி மரம்கூட அறுத்தார்கள்.

1908இல் 850 டாலருக்கு வந்த கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே போனது. 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் தொடங்கிய நகரும் உற்பத்தி வரிசை அதற்கு முக்கியக் காரணம். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அடிப்படை வடிவமைப்பைப் பெரிதாக மாற்றாமலே 1927 வரை ஒன்றரைக் கோடி கார்களை விற்றார் ஹென்றி ஃபோர்டு.

காடிலாக் இதற்கு நேர் எதிர். மாடல் டி நின்ற அதே 1927இல், காரின் தோற்றத்துக்கென்றே, காடிலாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி, வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லிடம் கொடுத்தது. வருடா வருடம் முகத்தை மாற்று. போன வருடம் வாங்கியவனுக்குத் தன் கார் பழசாகத் தெரியட்டும் என்பதுதான் வியாபாரம். பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து 1948 காடிலாக்கில் சின்னதாக முளைத்த சிறகு, 1959இல் உச்சத்துக்குப் போனது. மறு வருடமே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். சிறகுகளில் பதித்த அந்தத் துப்பாக்கிக் குண்டு வடிவ விளக்குகளை நானும் வாய் பிளந்து பார்ப்பேன், அது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால், 1902இல் ஹென்றி ஃபோர்டு சண்டை போட்டு விட்டுப்போன கம்பெனிதான் காடிலாக் ஆனது.

நெடுந்தூரம் போகச் சொன்னால் காடிலாக்கில் ஏறிக்கொள்வேன். நல்ல கார் எது என்று கேட்டால் மாடல் டி. காரையே நினைத்துப் பார்க்காதவனையும் அது கார்காரனாக்கியது.

நிறம்: தொடக்கத்தில் பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாம் இருந்தன. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும்.