பாக்கி இருந்தால் டி.சி. தர மாட்டார்களா?

கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டதால் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றப் பார்க்கிறேன். மகள் ஏழாம் வகுப்பும் மகன் ஒன்பதாம் வகுப்பும் முடித்திருக்கிறார்கள். கட்டணப் பாக்கி 42,000 ரூபாயைக் கட்டினால்தான் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) என்கிறது பள்ளி. பிரவுசிங் சென்டரில் ஒருவர், 5,000 ரூபாய் கொடுத்தால் டி.சி. வாங்கி, பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸிலிருந்தும் பெயரை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் பார்ப்போம்.

எமிஸில் ஒரு மாணவரின் பெயரைப் பழைய பள்ளி தன் லாகினில் விடுவிக்க வேண்டும். பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பள்ளி பிடிவாதம் பிடித்தால் கல்வி அலுவலகம் தலையிடலாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. இவர்கள் கொண்டுவரும் டி.சி. பல நேரம் நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு பள்ளியின் பெயரில் இருக்கும். இன்று சேர்க்கை கிடைத்துவிடும். பத்து வருடம் கழித்து மகன் அரசு வேலைக்குப் போகும்போது சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைக் கேட்பார்களே, அப்போது வரும் வினை. ‘இப்போது அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு’ என்றும் ஆசை காட்டுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு அது. உங்கள் பிள்ளைகளுக்கு வராது.

மகள் விஷயம் சுலபம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5ஆம் பிரிவு: எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தை அரசுப் பள்ளிக்கு மாறினால் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆதார், பிறப்புச் சான்று, எமிஸ் எண் தெரியும் பழைய ரேங்க் கார்டு ஆகியவற்றோடு நேராகப் போய்ச் சேருங்கள். டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது பணி விதிப்படி ஒழுங்கு நடவடிக்கை என்றும் அதே பிரிவு சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. தனியார் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சம்பளம் தருவது யார், டி.சி.யை நிறுத்தி வை என்று சொல்வது யார்? அதே நிர்வாகம்தான்!

மகன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ‘அவனுக்கு இன்னும் 14 வயது முடியவில்லையே’ என்று சிலர் வாதாடுவார்கள். பயனில்லை. சட்டம் தரும் உரிமை தொடக்கக் கல்விக்கு, அதாவது ஒன்று முதல் எட்டு வரை. ஒன்பதாம் வகுப்பு முடித்தவன் 13 வயதானாலும் அதற்குள் வரமாட்டான். மறுபக்கம், எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 15 வயதே ஆகியிருந்தாலும் உரிமை உண்டு. ஆகவே 5ஆம் பிரிவைச் சொல்லி மகனுக்கு மனு எழுதினால் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அவனுக்குக் கைகொடுப்பது 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்பது அதன் சாரம். நம் டி.சி. படிவத்தில் ‘கட்டணம் முழுவதும் செலுத்திவிட்டாரா’ என்று ஒரு கட்டம் உண்டு. வாங்கும்போது அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். பாக்கி தள்ளுபடியாகிவிடாது, பள்ளி அதைச் சட்டப்படி வசூலித்துக்கொள்ளலாம். அந்த 42,000 சரிதானா என்பது வேறு கேள்வி. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு வகுப்புவாரியாக நிர்ணயித்த தொகையோடு ரசீதுகளை ஒப்பிடுங்கள். ‘ஸ்மார்ட் கிளாஸ்’, ‘ஆக்டிவிட்டி’ என்று என்னென்னவோ சேர்ந்திருக்கும்.

இனி மனு. பழைய பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது கேட்காததற்குச் சமம். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (டி.இ.ஓ.) போங்கள். இங்கேதான் பலர் அலைகிறார்கள்: 2022 மறுசீரமைப்புக்குப் பிறகு தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று டி.இ.ஓ.க்கள் தனித்தனி. நீங்கள் போக வேண்டியது தனியார் பள்ளிகளுக்கான டி.இ.ஓ.விடம். தவறான அறைக்குப் போனால் ‘இது எங்களுடையது இல்லை’ என்பதோடு சரி, யாருடையது என்று சொல்ல யாருக்கும் நேரமிருக்காது. மனுவின் இரண்டாம் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அவரும் அசையாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும் புகாரைப் பதிந்துவையுங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் பள்ளி கூப்பிட்டால் தவணை கேளுங்கள், தவறில்லை. வெற்றுத்தாளிலோ தொகை எழுதாத காசோலையிலோ மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மகனின் வேலையை ஜூனிலேயே முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் போகிறது. அது தயாராகும்போது அவன் பெயர் பழைய பள்ளியில் கிடக்கக் கூடாது.