ஆறு பேர் என்றாலும் நில்லுங்கள்

சனிக்கிழமைதோறும் போருக்கு எதிராக நிற்கும் உங்கள் இருபது பேர் ஆறாகிவிட்டார்கள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானப்படைத் தளத்தில் அமெரிக்க அணு ஏவுகணைகள் வரக்கூடாது என்று 1981இல் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்து முகாம் போட்டது ஒரு சின்னக் கூட்டம். 1982 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். அப்படியும் அடுத்த ஆண்டே ஏவுகணைகள் வந்து இறங்கின! சிலர் மட்டும் கூடாரத்தை விடவில்லை. ஏவுகணைகள் 1991இல்தான் போய் முடிந்தன (அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987இல் போட்ட ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் இல்லாமல் அது நடந்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்).

சரி, உங்களுக்கு. ஆறு பேரும் எல்லா வாரமும் வர வேண்டாம். முறை போட்டுக்கொள்ளுங்கள், சோர்ந்தவருக்கு விடுப்பு கொடுங்கள். இடமும் நேரமும் மட்டும் மாறக் கூடாது. அப்புறம், விலகியவர்களைத் திட்டாதீர்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.