சூடேறினால் நின்றுவிடும் டிராக்டர்

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் உள்ள எங்கள் காய்கறித் தோட்டத்தில், அப்பா ஓட்டிய பழைய ஃபெர்குசன் டி.இ.ஏ.20 பெட்ரோல் டிராக்டரை நான் பராமரித்து வருகிறேன். சென்ற ஆண்டு, பிளக்குகளில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் அண்மையில் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். காலையில் உடனே கிளம்பும் எஞ்சின், அரை மணி நேரத்தில் திணறி நின்றுவிடுகிறது. ஆறிய பிறகே மீண்டும் கிளம்புகிறது. 12 வோல்ட் பேட்டரி புதியது. கோளாறு எங்கே இருக்கும்?
- வாசகர், லிம் சூ காங்

பதில்: இனி எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், எஞ்சின் நின்ற அந்த நிமிடத்திலேயே தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு பிளக்கைக் கழற்றி, வயருடன் எஞ்சின் உலோகத்தில் படுமாறு வைத்து, வேறொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். பல்லாயிரம் வோல்ட் பாயும் இடம் என்பதால் வயரைக் கையால் பிடிக்க வேண்டாம். அருகில் பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது. பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் பற்றவைப்பில் குறை இல்லை. அப்போது பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இதே போல வண்டியை நிறுத்திவிடும்.

பொறி மஞ்சளாகவோ, வராமலோ இருந்தால் என் முதல் சந்தேகம் நீங்கள் மாற்றிய காயில் மீதுதான். தனி மின்தடையுடன் இணைக்க வேண்டிய காயிலும், நேரடியாக 12 வோல்ட்டில் இயங்கும் காயிலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வயர்களைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கிடையே, மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வையுங்கள். உங்கள் வண்டிக்கு ஏறக்குறைய 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் அளவில் காட்டினால், காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியருக்குப் பதிலாக 8 ஆம்பியர் வரை பாய்கிறது. தொட முடியாத அளவுக்குக் காயில் கொதித்து, உள்ளே சுற்றியுள்ள கம்பியின் காப்பு தளர்ந்து, பொறி அற்றுப்போகிறது.

காயில் சரியாக இருந்தால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த பாகம்தான், ஆனால் சூட்டில் செயலிழப்பது அதற்கு வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியது போன்ற மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் மூடியையும் மாற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும்.

தவறான காயிலே காரணம் என்று தெரிந்தால், அதை மாற்றும்போதே பாயிண்டையும் பாருங்கள். ஓராண்டாக மிகை மின்னோட்டத்தைத் தாங்கிய அதன் தொடுமுகங்கள் குழி விழுந்து கருகியிருக்கலாம். அப்படியிருந்தால் புதிய பாயிண்ட் பொருத்தி, கையேட்டில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் அமையுங்கள்.