அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்

கரூரிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டுப் போன சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண், அவளுடைய தாய்மாமா, கூடவே பெரியப்பா மகன். என் அறையில் நாற்காலி நான்குதான். பெரியப்பா மகன் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார். அப்பா மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் வீட்டுப் பத்திரத்தின் நகல்.

"பாப்பாவுக்கு நல்ல இடமாப் பார்த்துச் சொல்லுங்க மேடம். ஒரு மாசமாத் தூக்கமே இல்லைங்க" என்றார். மாமா ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார். சென்னைப் பக்கம் பெயர் பெற்ற ஒரு கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் சீட். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 16 லட்சம். கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதி 12 லட்சத்துக்கு வீட்டை வைத்துக் கடன்.

"கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று நானும்தான் ஆரம்பித்தேன். பத்திரத்தை மேசைமேல் எடுத்து வைத்தார். அதற்கு மேல் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். இந்த மாதம் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான் ஓடுகிறது என்பதால், அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

12 லட்சம் கடன். வட்டி 10.5 சதவீதம், பத்து வருடத்தில் அடைப்பது என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 16,000 ரூபாயைத் தாண்டுகிறது. படிக்கும் நான்கு வருடத்தில் ஏறுகிற வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. சரி, வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம் என்கிறார் மாமா. பெரிய ஐடி நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கிற ஆரம்பச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 சொச்சம். தவணை கட்டியபின் மிச்சமாகும் 9,000 ரூபாயில் அந்தப் பெண் சென்னையில் தங்கி, சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து எப்படி நாளை ஓட்டுவாள்? கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். பத்திரம் பைக்குள் வந்தது அதனால்தான். தவணை தவறினால் அந்த வீட்டுக்கே ஆபத்து.

இன்னொன்றையும் மாமா கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை, நன்றாக நடக்கிற கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தளர்த்திவிட்டது. கல்லூரிகள் வேறு எந்தப் பிரிவையும்விடக் கம்ப்யூட்டர் பிரிவுகளில்தான் இடங்களைக் கூட்டின. இவள் படித்து முடிக்கும்போது அதே பட்டத்தோடு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கணக்கைக் கேட்டு அப்பா பேசாமல் இருந்தார். மாமா மட்டும், "அண்ணன்காரன் ஐடியிலதானே இருக்கான். நல்லாத்தானே இருக்கான்?" என்றார். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். அந்த நேரத்தில் அவருக்கு ஆபீஸிலிருந்து போன். சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனவர் இருபது நிமிடம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

அவர் 1992-இல் பிறந்தவர். 1981-க்கும் 1996-க்கும் இடையில் பிறந்தவர்களை மில்லெனியல் தலைமுறை என்று சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியிருக்கிறார். வீட்டில் அவருக்குப் பெயர், நிலையாக ஓர் இடத்தில் இருக்காதவன். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: வேலையில் உங்களுக்கு என்ன வேண்டும்?

"கொரோனா சமயத்துல ஒன்றரை வருஷம் கரூர்ல உக்காந்து வேலை பார்த்தேன் மேடம். சாயங்காலம் அப்பாகூட உக்காந்து சாப்பிட்டேன். அப்புறம் ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. வேலையை விட்டுட்டு வேற ஏதாச்சும் கத்துக்கலாம்னு அப்பவே தோணுச்சு. ஆனா வீட்டுக்கடன் ஓடுதே. வேண்டாம்னு சொல்ல முடியலை." தங்கையைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பிடிச்சா படிக்கட்டும். அவகிட்ட யாருமே கேக்கலை, என்கிட்டயும் அன்னைக்கு யாரும் கேக்கலை."

இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, சொகுசு பழகிவிட்டது என்று சொல்வது ரொம்ப சுலபம். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016-இல் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் 29 நாடுகளில் சுமார் 7,700 மில்லெனியல் ஊழியர்களிடம் கேட்டது. மூவரில் இருவர் 2020 முடிவதற்குள் இப்போதைய இடத்தை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள். சம்பளத்தைத் தவிர வேலையில் எது முக்கியம் என்ற கேள்விக்கு முதலில் வந்த பதில், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சமநிலை. அடுத்தது முன்னேற வழி. நேரத்தை வளைத்துக்கொள்ளும் வசதி, செய்யும் வேலைக்கு ஓர் அர்த்தம், இவையும் பின்னாலேயே வந்தன. சொன்னபடியே செய்தும் காட்டினார்கள். 2022 ஜூனோடு முடிந்த பன்னிரண்டு மாதக் கணக்கில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28.4 சதவீதம். சந்தை இடம் கொடுத்தபோது ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள்.

உங்கள் வீட்டு மூத்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து வருடம் உழைத்து, உடம்பால் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. தன் நேரத்தில் ஒரு பங்கு தன் கையில் வேண்டும். நாளாக நாளாகத் தேறுகிற ஒரு கைத்திறன் வேண்டும். ஒத்துவராத இடத்தை விட்டு எழுந்து வரும் தைரியம் வேண்டும். கடனோடு வேலைக்குச் சேருகிற பிள்ளைக்கு இந்த மூன்றாவது கிடைக்கவே கிடைக்காது. அடுத்த பிள்ளைக்குப் படிப்புத் தேடும்போது, மில்லெனியல் வயதுக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தும் அவரை ஜன்னல் ஓரம் நிறுத்திவிட்டு, கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் பேச்சைக் கேட்பது என்ன நியாயம்?

அப்புறம்தான் பெண்ணிடம் திரும்பினேன். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். இவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தறித் தொழிலாளியின் குடும்பம் குடியிருக்கிறது. அவர்களுடைய நான்கு வயதுப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், சத்தத்தை உணர வைக்கும் காக்ளியர் கருவியை ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை பேசிவிடும் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். அப்படி நடப்பதில்லை. கருவி வழியாக வருகிற சத்தத்துக்கு அர்த்தம் கற்றுக்கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில், தினமும். பயிற்சி மையத்தில் கொடுத்த தாளைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அந்த அம்மா இவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதிலிருந்து எட்டு மாதமாக இவள்தான் பையனோடு உட்காருகிறாள்.

"என்ன செய்வே, காட்டு கண்ணு" என்றேன். என் மேசையிலிருந்த கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஒரு தாளால் வாயை மறைத்தாள், உதட்டைப் பார்த்துப் பையன் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஆறே ஒலிகள். ஒவ்வொன்று கேட்டதும் பையன் ஒரு பாசிமணியை டம்ளருக்குள் போட வேண்டும். பேச்சில் வருகிற தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். "ஸ் மட்டும் ரொம்ப நாள் அவனுக்குக் கேக்கலை மேடம். தீபாவளிக்கு முந்தின நாள் கேட்டுச்சு. மணியைப் போட்டுட்டு என்னைப் பார்த்தான்" என்றாள். அவள் அம்மாவே இதை அன்றுதான் முதல்முறை கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோயியல், சுருக்கமாக பி.ஏ.எஸ்.எல்.பி. மூன்று வருடம் வகுப்பு, நான்காவது வருடம் இன்டர்ன்ஷிப். இயற்பியல், வேதியியலோடு உயிரியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றில் ஒன்று இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கை முறை இடத்துக்கு இடம் மாறும். மருத்துவம், சி.ஏ., அரசுத் தேர்வு பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கிற அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம்தான் இந்தத் துறைக்குத் தாய்வீடு மாதிரி. 1960-களிலிருந்து நடக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவதால் கட்டணம் மாமா சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. இடம் குறைவு, நுழைவுத்தேர்வுக்கு ஒழுங்காகத் தயாராக வேண்டும். சென்னையில் போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலும் மெர்ஃப் நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. தனியார் என்றால் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டுங்கள். எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு வருடத்துக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலில் நீங்களே பார்க்க வேண்டும், கல்லூரிக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். படித்து முடித்ததும் அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் தொழில் செய்ய முடியும்.

வேலை என்ன மாதிரி? பிறந்த குழந்தை தூங்கும்போது காதில் சின்ன முனை ஒன்றை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். நல்ல காது அதற்குப் பதிலாக ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அது வருகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. பெரியவர்களுக்குச் செவித்திறன் அளந்து கருவி தேர்ந்து பொருத்துவது இன்னொன்று. பக்கவாதம் வந்து பேச்சு போனவர், திக்குகிறவர், உதடு அண்ணம் பிளந்து பிறந்த குழந்தை, தொண்டை கட்டிக்கொண்டே இருக்கும் வாத்தியார், விழுங்க முடியாத நோயாளி என்று பேச்சுப் பக்கம் தனி உலகம். மேலே படிக்க நினைத்தால் எம்.எஸ்ஸி.யில் காது, பேச்சு இரண்டும் தனித்தனியாகப் பிரியும். உலகத்தில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு இருக்கிறது, 2050-இல் அது 250 கோடியாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொன்னது. நம் ஊர்களிலும் வயதானவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகிறது.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் ஐடியைவிட அதிகம் இல்லை, பல இடங்களில் குறைவுதான். பலன் மெதுவாக வரும், ஒரே ஒலிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத பிள்ளையை இதில் சேர்க்கவே கூடாது. ஆனால் அண்ணன் கேட்ட மூன்றும் இதில் இருக்கின்றன. அனுபவம் ஏற ஏறக் கை தேறும். நான்கைந்து வருடம் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சொந்த ஊரில் தனியாக ஆரம்பிக்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அறை, பாய், கண்ணாடி, பொம்மைகள் போதும். செவி பரிசோதனைக்கான கருவியும் ஒலி புகாத அறையும் செலவுள்ளவை, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டை அடகு வைக்காமல் படித்திருந்தால், பிடிக்காத இடத்திலிருந்து கிளம்பவும் முடியும்.

மாமா விடவில்லை. "காது மெஷின் மாட்டற வேலைன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்ல முடியுமா?" என்றார். ஐயா, நாற்பது வருடம் வேலை செய்யப் போவது அவள். தவணை கட்டப் போவது அவள் அப்பா. இந்த இரண்டில் எதிலும் பங்கு எடுக்காதவர்கள் கேட்கும் கேள்விக்காக ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் நாட்டம் இருந்தால் கலந்தாய்வில் கிடைக்கிற கல்லூரியில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் தாராளமாகப் படிக்கட்டும், நானே விருப்பப் பட்டியல் போட்டுத் தருகிறேன். வீட்டுப் பத்திரத்தை மட்டும் வெளியே எடுக்க விடமாட்டேன்.

பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்பா, பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறவர். தகரத்தில் சுத்தியல் விழும் சத்தத்திலேயே வயது போயிருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "என்னங்க?" என்று இரண்டாம் முறை கேட்டார், வலது பக்கமாகத் திரும்பினார். பெண் உள்ளே வந்ததும் அம்மா பக்கத்தில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் காதை இதுவரை யாரும் பரிசோதித்ததே இல்லையாம்.

இரண்டு வேலைகள் கொடுத்து அனுப்பினேன். ஒன்று, பெண் ஒரு பயிற்சி மையத்தில் அனுமதி வாங்கி இரண்டு முழு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தை அழுகிற நேரம், தாய் சலித்துக்கொள்கிற நேரம் எல்லாம் பார்த்துவிட்டு, அப்போதும் இதுதான் வேண்டும் என்றால் வரட்டும். இரண்டு, அதே மையத்தில் அப்பா தன் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது அப்பா பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "மைசூரு ரொம்பத் தூரமுங்களா?" என்று கேட்டார். அண்ணன் அதற்குள் போனில் பார்த்துவிட்டார், மைசூரு எக்ஸ்பிரஸ் கரூர் வழியாகத்தான் போகிறதாம். அப்பாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. பெண் அவர் வலது காதுப் பக்கம் குனிந்து திரும்பச் சொன்னாள்.